காமா கதிர் வெடிப்பின் தாய்ப் பேரடையைத் தேடுவது எப்படி: மட்டக்களப்பிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

2021 டிசம்பர் 11, மாலை 6 மணி 40 நிமிடம். மாரி காலத்து இருட்டு வாவிக்கு மேல் இறங்குகிற நேரம். அந்த நிமிடத்தில், ஏறத்தாழ நூறு கோடி ஆண்டுகள் பயணம் செய்த காமா கதிர்கள் பூமியை வந்து சேர்ந்தன. மட்டக்களப்பில் நின்ற யாருக்கும் அது தெரிய வழியில்லை. காமா கதிர் வளிமண்டலத்தைத் தாண்டிக் கீழே வராது. அது வந்த திசையும் அப்போது நமக்கு அடிவானத்துக்குக் கீழே இருந்தது. சுவிஃப்ட், ஃபெர்மி என்ற இரண்டு செய்மதிகள் அதைப் பிடித்தன. வெடிப்பு சுமார் 50 செக்கன் நீடித்தது. இப்படித் திடீரென்று வந்து மறையும் காமா கதிர்ப் பளிச்சிடலைத்தான் காமா கதிர் வெடிப்பு, சுருக்கமாக ஜிஆர்பி என்கிறார்கள். இதன் பெயர் ஜிஆர்பி 211211ஏ.

இப்படி ஒரு வெடிப்பு எந்தப் பேரடையிலிருந்து (நம் பால்வீதி போன்ற பெரும் நட்சத்திரக் கூட்டம்) வந்தது என்று தேடுவதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன். தொலைநோக்கி வேண்டாம். படங்களும் அட்டவணைகளும் இணையத்தில் யாரும் பார்க்கக்கூடியதாகத் திறந்து கிடக்கின்றன. ஒரு மடிக்கணினி, அது இல்லாவிட்டால் பெரிய திரை உள்ள போன், ஒரு கொப்பி, மடக்கை தெரிந்த ஒரு பிள்ளை, இவை போதும். கல்லடியில் ஏ.எல். பிள்ளைகள் சிலரோடு சேர்ந்து வார இறுதிகளில் இதைச் செய்துவருகிறேன். அவர்கள் கேட்ட கேள்விகளால்தான் இந்த வழிகாட்டி இவ்வளவு நீண்டது.

முதலில் ஒரு காட்சி. இரவில் கல்லடிப் பாலத்தில் நின்று வாவியைப் பாருங்கள். தூரத்தில் ஒரு வெளிச்சம் பளிச்சென்று மின்னி மறைகிறது. அதற்குப் பக்கத்தில் ஒரு வீட்டு விளக்கு. மின்னியது அந்த வீட்டிலா, வீட்டுக்கு இப்பால் தண்ணீரில் நிற்கும் தோணியிலா, இல்லை வீட்டுக்கும் அப்பால் தெருவில் போன வாகனத்திலா? கண்ணுக்கு மூன்றும் ஒரே இடம்தான். வானமும் அப்படித்தான். திசை தெரியும், தூரம் தெரியாது. ஆகவே "இந்த வெடிப்புக்குப் பக்கத்தில் எந்தப் பேரடை தெரிகிறது" என்று கேட்டு நின்றுவிடக் கூடாது. "இந்தப் பேரடை தற்செயலாக இவ்வளவு பக்கத்தில் தெரிவதற்கு எவ்வளவு வாய்ப்பு" என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்வியைக் கைவிட்டால் கீழே சொல்லும் எந்தப் படியும் உதவாது.

படி 1: அறிவிப்பை வாசித்தல்

வெடிப்பு நடந்தவுடன் செய்மதிகளும் தரைத் தொலைநோக்கிக் குழுக்களும் ஜிசிஎன் என்ற வலையமைப்பில் சுருக்கமான அறிவிப்புகளை வெளியிடுகின்றன. பழையவை எல்லாம் காப்பகத்தில் உண்டு, தேடி வாசிக்கலாம். பெயரிலேயே திகதி இருக்கிறது. 211211ஏ என்றால் 2021ஆம் ஆண்டு 12ஆம் மாதம் 11ஆம் நாள் பதிவான முதலாவது வெடிப்பு. இந்தத் திகதி உலகப் பொது நேரப்படி எழுதப்படுவது, நாங்களோ ஐந்தரை மணித்தியாலம் முன்னுக்கு நிற்கிறோம். ஆகவே நமக்கு அதிகாலை 5.30-க்கு முன் நடந்த வெடிப்பு பெயரில் முந்தைய நாள் திகதியைத்தான் தாங்கியிருக்கும். அறிவிப்பைத் தேடும்போது இதில் தடுமாறாதீர்கள்.

கொப்பியில் நான்கு விடயங்களை எழுதுங்கள்: நேரம், நீடித்த செக்கன்கள், இடம், அந்த இடத்தில் உள்ள பிழை. நான்காவதைப் பிள்ளைகள் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். மற்ற மூன்றையும் விட அதுதான் முக்கியம்.

படி 2: பிழை வட்டம் எவ்வளவு பெரியது?

ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை. ஒரு விகலை எவ்வளவு சிறிது என்று உணர வேண்டுமானால், கல்முனையில் ஒரு தேங்காயை வைத்துவிட்டு மட்டக்களப்பு நகரத்தில் நின்று பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேங்காய் எடுக்கும் கோணம் ஏறத்தாழ ஒரு விகலை.

ஃபெர்மியின் வெடிப்புக் கண்காணிப்பான் தரும் இடத்தில் சில பாகைகள் பிழை இருக்கும். முழு நிலவே அரைப் பாகைதான். மூன்று பாகை ஆரையுள்ள வட்டத்துக்குள், பெரிய தொலைநோக்கிகள் எளிதில் காணும் மங்கல் வரை எண்ணினால் பதினேழு இலட்சத்துக்கு மேல் பேரடைகள் விழும். அங்கே தாய்ப் பேரடையைத் தேடுவது வீண். அறிவிப்பில் ஃபெர்மியின் இடம் மட்டும் இருந்தால் அந்த வெடிப்பை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

சுவிஃப்ட் வேறு விதம். 2004 நவம்பரில் ஏவப்பட்ட அந்தச் செய்மதி முதலில் சில கலை அளவுக்கு இடத்தைக் குறிக்கும். உடனே தானாகத் திரும்பித் தன் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியால் பார்க்கும். அதற்குத் தெரிவது வெடிப்பு அல்ல, வெடிப்புக்குப் பின் மெல்ல மங்கிக்கொண்டு போகும் பின்னொளி. அதன் இடம் இரண்டு மூன்று விகலைக்குள் கிடைக்கும். ஒளியியல் தொலைநோக்கி ஒன்று அதே பின்னொளியைப் பிடித்துவிட்டால் பிழை ஒரு விகலையிலும் குறைந்துவிடும்.

இந்தத் துறை முழுவதும் பின்னொளியில்தான் தொடங்கியது. 1967 முதல் வேலா செய்மதிகள் வெடிப்புகளைப் பிடித்தும், 1973இல் அது உலகுக்குச் சொல்லப்பட்டும், முப்பது வருடமாக எங்கிருந்து வருகின்றன என்று யாருக்கும் தெரியவில்லை. 1997 பெப்ரவரி 28இல் பெப்போசாக்ஸ் என்ற செய்மதி எக்ஸ் கதிர்ப் பின்னொளியைப் பிடித்துக் கொடுத்த பிறகுதான் அந்த இடத்தில் ஒளியியல் பின்னொளியும், அதன் அடியில் ஒரு மங்கலான பேரடையும் தெரிந்தன.

ஆகவே ஒளியியல் அல்லது ரேடியோ இடம் இருந்தால் அதை எடுங்கள். இல்லாவிட்டால் எக்ஸ் கதிர் இடம். இரண்டும் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். ஒரே வெடிப்புக்குப் பல அறிவிப்புகள் வந்திருக்கும். முதலில் வந்ததைப் பிடித்துக்கொள்ளாமல் கடைசியாகத் திருத்தி வந்ததைப் பாருங்கள்.

படி 3: இடத்தைப் படத்தில் கண்டுபிடித்தல்

இங்கே நான் ஒருமுறை வடிவாகப் பிழைவிட்டேன். இடம் இரண்டு எண்களாக வரும்: வல ஏற்றம், நடுவரை விலக்கம். பூமியில் நெடுங்கோடும் அகலக்கோடும் எப்படியோ, வானத்தில் இவை அப்படி. வல ஏற்றத்தை மணி, நிமிடம், செக்கன் என்றும் எழுதுவார்கள், பாகையிலும் எழுதுவார்கள். நான் 14 மணி என்பதை 14 பாகை என்று போட்டுப் படத்தைத் திறந்து, வட்டத்துக்குள் இருந்த அழகான ஒரு சுருள் பேரடையைக் காட்டி அரை மணித்தியாலம் விளக்கினேன். கொக்கட்டிச்சோலையிலிருந்து வரும் ஒரு பிள்ளை கையை உயர்த்தி, "சேர், இதில செக்கன் எண்டு போட்டிருக்கு. அது நேரமா, கோணமா?" என்று கேட்டா. "நேரம், மகள்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் பிழை எனக்கு விளங்கியது. வானத்தின் முற்றிலும் வேறொரு பக்கத்தை இவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பூமி 24 மணித்தியாலத்தில் 360 பாகை சுற்றுவதால் ஒரு மணி 15 பாகை. 211211ஏ-க்கு அருகே உள்ள பேரடையின் வல ஏற்றம் 14 மணி 9 நிமிடம் 10.47 செக்கன், நடுவரை விலக்கம் வடக்கே 27 பாகை 53 கலை 20.8 விகலை. முதலாவதை மணியாக்கினால் 14.15291. அதை 15ஆல் பெருக்கினால் 212.2936 பாகை. இரண்டாவது 27.8891 பாகை. இந்த இரண்டையும் கையால் ஒருமுறை செய்து சரிபார்த்தால் பிறகு பிழை வராது.

படத்துக்கு நான் முதலில் போவது லெகசி சர்வே என்ற வானப் படத்தொகுப்பு. வானத்தில் ஏறத்தாழப் பாதியை ஆழமாக எடுத்திருக்கிறார்கள், ஒளிப்பொலிவெண் (பிரகாசத்தின் அளவு, எண் கூடினால் மங்கல்) 23 தாண்டியும் தெரியும். அதில் இல்லாத இடங்களுக்கு பான்ஸ்டார்ஸ் பாருங்கள். ஆனால் அது தெற்கே 30 பாகை வரைதான். அலாதீன் என்ற செயலியில் எல்லாத் தொகுப்புகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக மாற்றி மாற்றிப் பார்க்கலாம். டேட்டா குறைவாக இருந்தால் படத்தைச் சிறிய சட்டத்தில் திறந்து, இடம் சரி என்று உறுதியான பிறகு பெரிதாக்குங்கள்.

பிழை வட்டத்தைப் படத்தின்மேல் வரைந்துகொள்ளுங்கள். அப்புறம் அதைவிடப் பத்து மடங்கு பெரிய இன்னொரு வட்டமும் வரையுங்கள். இரண்டாவது எதற்கு என்பது படி 6இல் விளங்கும்.

படி 4: நட்சத்திரமா, பேரடையா?

படத்தில் தெரியும் ஒவ்வொரு பொட்டும் பேரடை அல்ல. நம் பால்வீதியின் நட்சத்திரங்கள் முன்னால் நிற்கும். லெகசி சர்வேயில் பொட்டைத் தொட்டால் அதன் வகை தெரியும். புள்ளி வகை என்று போட்டிருந்தால் நட்சத்திரமாக இருக்கலாம், பரந்த வடிவம் என்றால் பேரடை. கையா செய்மதியின் அட்டவணையில் அது இடம் நகர்வதாகப் பதிவாகியிருந்தால் நிச்சயம் நட்சத்திரம். அதை வெட்டிவிடுங்கள். மிக மங்கலான பொட்டுகளில் இந்தச் சோதனை உறுதியாக இராது, அவற்றைச் சந்தேகத்தோடு பட்டியலில் வைத்திருங்கள்.

வெடிப்பு பால்வீதித் தளத்துக்கு அருகே இருந்தால் இன்னொரு தொல்லை: தூசி. 2022 ஒக்டோபர் 9இல் வந்த 221009ஏ, இதுவரை பதிவானவற்றில் மிகப் பிரகாசமானது, பால்வீதித் தளத்திலிருந்து நான்கு பாகை சொச்சத்தில்தான் இருந்தது. அதன் பேரடையின் ஒளியில் பெரும்பகுதியை நம் வீட்டுத் தூசியே விழுங்கிவிட்டது. ஐஆர்எஸ்ஏ தளத்தில் எந்தத் திசைக்கும் தூசி மங்கல் எவ்வளவு என்று கிடைக்கும். அந்த அளவை ஒளிப்பொலிவெண்ணிலிருந்து கழித்த பிறகுதான் கணக்குக்குப் போக வேண்டும்.

படி 5: விலகலை அளத்தல்

பின்னொளிக்கும் பேரடையின் மையத்துக்கும் இடையே எத்தனை விகலை? நடுவரை விலக்கத்தில் உள்ள வித்தியாசத்தை அப்படியே எடுக்கலாம். வல ஏற்ற வித்தியாசத்தை அப்படி எடுக்க முடியாது. செக்கனை 15ஆல் பெருக்கி, அதை நடுவரை விலக்கத்தின் கோசைனாலும் பெருக்க வேண்டும். 28 பாகையில் 0.35 செக்கன் வித்தியாசம் என்றால் 0.35 × 15 × 0.88, அதாவது 4.6 விகலை. தோடம்பழத்தை உரிக்கும்போது நடுவில் அகலமாக இருக்கும் சுளை நுனிக்குப் போகப் போக ஒடுங்குகிறது அல்லவா, வல ஏற்றக் கோடுகளும் துருவத்துக்குப் போகப் போக அப்படி ஒடுங்குகின்றன. பிறகு பைதகரஸ்.

211211ஏ-யில் இந்த விலகல் சுமார் 5.4 விகலை.

படி 6: தற்செயல் வாய்ப்பைக் கணக்கிடுதல்

இதில் கொஞ்சம் ஆறுதலாக நிற்போம், வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

வானத்தில் மங்கலான பேரடைகள் மிக அதிகம், பிரகாசமானவை குறைவு. ஒரு குறிப்பிட்ட ஒளிப்பொலிவெண் வரை, ஒரு சதுர விகலையில் சராசரியாக எத்தனை பேரடை என்பதற்கு ஆய்வாளர்கள் பயன்படுத்தும் சமன்பாடு இது:

அடர்த்தி = 1.316 × 10^(0.33 × (ஒளிப்பொலிவெண் − 24) − 2.44)

ஒளிப்பொலிவெண் கூடக் கூட மங்கல் என்பதை மறக்க வேண்டாம். சமன்பாட்டைக் கண்முன்னே கொண்டுவர, 100 விகலைக்கு 100 விகலை சதுரம் ஒன்றை வானத்தில் வெட்டி எடுங்கள். அதற்குள் 18ஆம் எண் வரை சராசரி அரைப் பேரடை, 20 வரை இரண்டு சொச்சம், 22 வரை பத்து சொச்சம், 24 வரை 48. இரண்டு எண் மங்கலுக்குப் போனால் கூட்டம் நாலரை மடங்காகிறது. அதனால்தான் மங்கலான பேரடை ஒன்று பக்கத்தில் இருப்பது பெரிய செய்தி அல்ல, பிரகாசமான ஒன்று பக்கத்தில் இருப்பது செய்தி.

அடுத்து, பின்னொளியை மையமாக வைத்து அந்தப் பேரடை வரை நீளும் வட்டத்தை எடுத்து, அதன் பரப்பளவை அடர்த்தியால் பெருக்குங்கள்:

எதிர்பார்ப்பு = 3.1416 × ஆரை × ஆரை × அடர்த்தி

இது 0.1-ஐ விடச் சிறிதாக இருந்தால் அதையே தற்செயல் நிகழ்தகவு என்று வைத்துக்கொள்ளலாம். பெரிதாக வந்தால் 2.718-ஐ மறை எதிர்பார்ப்பின் அடுக்குக்கு உயர்த்தி 1இலிருந்து கழியுங்கள்.

211211ஏ-யின் அருகே உள்ள பேரடையின் ஒளிப்பொலிவெண் சுமார் 19.5. அடுக்கைக் கணக்கிட்டால் 0.33 × (−4.5) = −1.485. அதிலிருந்து 2.44 போக −3.925. 10-இன் அந்த அடுக்கு 0.000119. அதை 1.316ஆல் பெருக்க 0.000156. வட்டத்தின் பரப்பளவு 3.1416 × 5.4 × 5.4, அதாவது 91.6 சதுர விகலை. இரண்டையும் பெருக்கினால் 0.0143. ஆக, இவ்வளவு பிரகாசமான பேரடை தற்செயலாக இவ்வளவு பக்கத்தில் விழ 1.4 வீத வாய்ப்புத்தான். வெளியான ஆய்வுக் கட்டுரையிலும் இதே 1.4 வீதம்தான் இருக்கிறது. கல்லடியில் ஒரு கொப்பியில் போட்ட கணக்கு அந்த எண்ணைத் தொட்டபோது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஆரையாக எதை எடுப்பது என்பதில் கவனம் வேண்டும். பிழை வட்டம் விலகலைவிடப் பெரிதாக இருந்தால் விலகலை எடுக்கக் கூடாது, பிழை வட்டத்தின் ஆரையையே எடுக்க வேண்டும். பேரடை பெரிதாகப் பரந்து கிடந்தால், அதன் பாதி ஒளி அடங்கும் ஆரையின் இரண்டு மடங்கையும் விலகலையும் பைதகரஸ் முறையில் சேர்த்து எடுப்பார்கள். மூன்றில் எது பெரிதோ அதுவே ஆரை. நமக்குப் பிடித்த விடை வரும்படி சிறியதைத் தேர்ந்தெடுத்தால் கணக்கு பொய்யாகிவிடும்.

எந்த எண்ணுக்குக் கீழே நம்பலாம்? 2 வீதத்துக்குள் என்றால் நல்ல இணைப்பு. 10 வீதம் வரை ஏற்கத்தக்கது. 20 வீதத்தை நெருங்கினால் பெயரைக் குறித்துவைக்கலாம், அவ்வளவே. 2 வீதம் என்பதும் பூச்சியம் அல்ல. நூறு வெடிப்புகளில் ஒவ்வொன்றுக்கும் 2 வீதத்தில் பேரடை கண்டுபிடித்தால் அவற்றில் இரண்டு பிழையாக இருக்கும் என்றுதான் எதிர்பார்க்க வேண்டும். எந்த இரண்டு என்பது மட்டும் தெரியாது.

இப்போது அந்தப் பெரிய வட்டம். மிக அருகே உள்ளதற்கு மட்டும் கணக்குப் போட்டு எழுந்துவிடாதீர்கள். தூரத்தில் நிற்கும் பிரகாசமான பேரடைக்குச் சிலவேளை அருகே நிற்கும் மங்கலானதைவிடக் குறைந்த எண் வரும். வட்டத்துக்குள் இருக்கும் எல்லாப் பேரடைக்கும் தனித்தனியாகப் போட்டு, சிறிய எண்ணிலிருந்து வரிசைப்படுத்துங்கள். இரண்டு பேரடைகள் ஒரே அளவு எண்ணோடு நின்றால் இரண்டையும் எழுதுங்கள்.

இதற்கு நல்ல பாடம் 2023 மார்ச் 7இல் வந்த 230307ஏ. பின்னொளியிலிருந்து ஒரு பிரகாசமான சுருள் பேரடை சுமார் 30 விகலை தள்ளி நின்றது. 30 விகலை என்றால் வட்டம் பெரிது. ஒளிப்பொலிவெண் 18 உள்ள ஒரு பேரடைக்கு அந்தத் தூரத்தில் நம் சமன்பாடு 13 வீதம் தரும், தனியே நிற்கக்கூடிய சாட்சி அல்ல. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியால் பார்த்தபோது, வெடிப்பு நடந்த இடத்தை ஒட்டியே மிக மங்கலான இன்னொரு பேரடையும் தெரிந்தது. அருகாமையை மட்டும் பார்த்திருந்தால் அதுதான் தாய் என்று முடிவாகியிருக்கும். ஆனால் அதன் செம்பெயர்ச்சி, அதாவது அண்டம் விரிவதால் ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்த அளவு, 3.87. இந்த எண் கூடினால் தொலைவும் கூடும். வெடிப்பு அவ்வளவு தொலைவில் நடந்திருந்தால் வெளிவந்த ஆற்றல் நம்பமுடியாத அளவுக்குப் பெரிதாகும், பின்னொளியோடு தெரிந்த செந்நிற ஒளியின் நடத்தையும் பொருந்தாது. 0.065 செம்பெயர்ச்சியில் உள்ள சுருள் பேரடையை வைத்தால் எல்லாம் பொருந்துகிறது. வெடித்தது தாய்வீட்டின் மையத்திலிருந்து சுமார் 40 கிலோபார்செக் தள்ளி. ஒரு கிலோபார்செக் என்பது 3,260 ஒளியாண்டு.

படி 7: தூரத்தைச் சரிபார்த்தல்

பாலத்தில் நின்றவருக்கு வெளிச்சத்தின் தூரம் தெரிந்தால் தோணியா வீடா என்ற கேள்வி முடிந்துவிடும். இங்கே தூரத்தைத் தருவது செம்பெயர்ச்சி. நெட் என்ற பேரடைத் தரவுத்தளத்தில் இடத்தைக் கொடுத்தால், யாராவது நிறமாலை எடுத்திருந்தால் அது இருக்கும். நீங்களே சரிபார்க்கவும் முடியும். ஐதரசனின் சிவப்புக் கோடு ஆய்வுகூடத்தில் 6563 ஆங்ஸ்ட்ரோம் அலைநீளத்தில் விழும். 211211ஏ-யின் பேரடைக்குச் செம்பெயர்ச்சி 0.076 என்றால் அது 6563 × 1.076, அதாவது 7062இல் தெரிய வேண்டும். ஒட்சிசனின் 5007 கோடு 5388இல். இரண்டு கோடுகளாவது ஒரே எண்ணைத் தந்தால்தான் நம்புங்கள்.

இது பேரடையின் தூரம். வெடிப்பின் தூரம் வேறு சாட்சி. பின்னொளி பிரகாசமாக இருக்கும்போதே நிறமாலை எடுத்தால், வழியில் உள்ள மக்னீசியமும் இரும்பும் விழுங்கிய கோடுகள் அதில் தெரியும். 1997 மே மாதம் 970508 வெடிப்புக்கு கெக் தொலைநோக்கியால் இப்படித்தான் செம்பெயர்ச்சி 0.835 கிடைத்தது. வெடிப்பு குறைந்தது அவ்வளவு தொலைவிலாவது இருக்க வேண்டும் என்பது முதன்முதலாக அன்றுதான் நிரூபணமானது. பின்னொளியின் செம்பெயர்ச்சியும் பேரடையின் செம்பெயர்ச்சியும் ஒன்றானால் உங்கள் வேலை முடிந்தது. பின்னொளியின் எண் கூடுதலாக இருந்தால் உங்கள் பேரடை முன்னால் நிற்கும் வீடு மட்டும்தான்.

இப்படி ஏமாற்றியவை உண்டு. 2006 செப்டெம்பர் 12இல் வந்த 060912ஏ, 0.0936 செம்பெயர்ச்சியில் உள்ள ஒரு பெரிய நீள்வட்டப் பேரடைக்கு அருகே தெரிந்தது. வெடிப்பும் ஆறு செக்கன்தான். அந்த முதிய பேரடையில் இரண்டு நியூத்திரன் நட்சத்திரங்கள் (பாரிய நட்சத்திரம் செத்தபின் மிஞ்சும் மிக அடர்ந்த உருண்டைகள்) மோதிய சம்பவம் என்று எண்ண இடமிருந்தது. பிறகு ஆழமாகப் பார்த்தபோது வெடிப்பின் அடியிலேயே மங்கலான வேறொரு பேரடை, செம்பெயர்ச்சி 0.937. கிட்டத்தட்டப் பத்து மடங்கு எண். 020819பி-யின் கதை இன்னும் நீளம். 0.41இல் உள்ள அழகான சுருள் பேரடைதான் அதன் தாய் என்று 2002க்குப் பிறகு எழுதப்பட்டது. 2017இல்தான் அது முன்னால் நிற்பது என்றும், உண்மையான தாய் 1.96இல் இருக்கிறது என்றும் தெரியவந்தது. பதினைந்து வருடம். அந்த முதல் கட்டுரையை எழுதியவர்கள் கவனமில்லாதவர்கள் அல்லர். ஒளியியல் பின்னொளி கிடைக்காத வெடிப்பு அது, தூரத்துக்கு நேரடிச் சாட்சி இல்லை.

நிறமாலை எதுவும் இல்லாவிட்டால் நிறங்களை வைத்துக் கணித்த செம்பெயர்ச்சியைப் பயன்படுத்தலாம், பிழையோடு சேர்த்து எழுதினால். பின்னொளி புறஊதாவில் தெரிந்ததா என்பதும் ஒரு துப்பு. தெரிந்திருந்தால் வெடிப்பு மிகமிகத் தொலைவில் இல்லை, இருந்திருந்தால் இடையிலுள்ள ஐதரசன் அதை விழுங்கியிருக்கும்.

செம்பெயர்ச்சி கிடைத்ததும், நெட் ரைட் என்ற வானியலாளர் இணையத்தில் வைத்திருக்கும் அண்டவியல் கணிப்பானில் போடுங்கள், ஒரு விகலை எத்தனை கிலோபார்செக் என்று சொல்லும். 0.076க்கு ஏறத்தாழ 1.45. ஆகவே 5.4 விகலை என்பது 7.8 கிலோபார்செக் அளவு.

படி 8: குணம் பொருந்துகிறதா?

இரண்டு செக்கனைவிட நீண்டவை பெரும்பாலும் பாரிய நட்சத்திரங்கள் இடிந்து விழுவதால் வருபவை. அப்படிப்பட்ட நட்சத்திரங்கள் சீக்கிரம் சாகும், பிறந்த இடத்தைவிட்டு நகர நேரமில்லை. ஆகவே அவற்றின் தாய்ப் பேரடை நீல நிறமாக, நட்சத்திரங்களைப் பிறப்பித்துக்கொண்டு இருக்கும். விலகலும் ஓரிரு கிலோபார்செக்தான். 1998இல் 980425 வெடிப்பும் 1998பிடபிள்யூ என்ற சூப்பர்நோவாவும் (நட்சத்திரம் வெடித்துச் சாகும்போது தெரியும் ஒளி) ஒரே பேரடையில் ஒரே நேரத்தில் தெரிந்ததில்தான் இந்த உறவு பிடிபட்டது. குறுகியவை இரண்டு நியூத்திரன் நட்சத்திரங்கள் சேர்வதால் வருபவை. அந்தச் சோடி பிறந்த இடத்திலிருந்து உதைபட்டு, கோடிக்கணக்கான வருடம் அலைந்து, வெளியே எங்கோ மோதலாம். ஆகவே முதிய நீள்வட்டப் பேரடையும் தாயாகலாம், விலகலும் பெரிதாகலாம். 2017 ஓகஸ்ட் 17இல் ஈர்ப்பலையோடு வந்த வெடிப்பு என்ஜிசி 4993 என்ற முதிய பேரடையில், சுமார் 40 மெகாபார்செக் (ஒரு மெகாபார்செக் ஆயிரம் கிலோபார்செக்) தூரத்தில் நடந்தது.

ஆனால் இந்தப் படியைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் 211211ஏ. ஐம்பது செக்கன் நீண்டும் அதில் சூப்பர்நோவா தெரியவில்லை. அவ்வளவு கிட்டத்தில் நடந்திருந்தால் நிச்சயம் தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, நியூத்திரன் நட்சத்திர மோதலில் பிறக்கும் கிலோநோவாவின் செந்நிற ஒளி தெரிந்தது. ஹபிள் தொலைநோக்கி அந்த இடத்தை ஆழமாகப் பார்த்தும் அடியில் வேறு மங்கலான பேரடை எதுவும் அகப்படவில்லை. நீளத்தை மட்டும் வைத்து வகை பிரித்து, "நீண்ட வெடிப்பு, ஆகவே விலகல் பெரிதாக இருக்க முடியாது" என்று யாராவது அந்தப் பேரடையை வெட்டியிருந்தால் பெரிய கண்டுபிடிப்பு ஒன்று கைநழுவியிருக்கும். குணம் துணைச் சாட்சி மட்டும்தான். மற்றச் சாட்சிகள் ஒரு பக்கம் நிற்கும்போது குணத்தை வைத்து அவற்றைத் தள்ளாதீர்கள்.

படி 9: எழுதிவைத்தல்

பிள்ளைகளிடம் நான் கண்டிப்பாகக் கேட்பது "தாய்ப் பேரடை" என்று எழுதாமல் "தாய்ப் பேரடையாக இருக்கக்கூடியது" என்று எழுதுவதை. பக்கத்திலேயே நிகழ்தகவு, எந்த ஆரையை எடுத்தோம், தூரத்துக்குச் சாட்சி என்ன, இரண்டாவது போட்டியாளர் எது. எங்கள் கொப்பியில் 211211ஏ-யின் பக்கம் இப்படி இருக்கிறது:

"விலகல் 5.4 விகலை, ஒளிப்பொலிவெண் 19.5, தற்செயல் 1.4 வீதம். பேரடையின் செம்பெயர்ச்சி 0.076, நிறமாலையிலிருந்து. வெடிப்பின் தூரத்துக்கு நேரடிச் சாட்சி இல்லை. கிலோநோவா பொருந்துகிறது, அடியில் வேறு பேரடை இல்லை. முடிவு: மிகவும் சாத்தியம்."

எதுவும் அகப்படாவிட்டால் அதையும் எழுதுங்கள். "23.5 வரை பார்த்தோம், வட்டத்துக்குள் ஒன்றுமில்லை" என்பது பயனுள்ள முடிவு. எந்த ஆழம் வரை என்று சொல்லாமல் "பேரடை இல்லை" என்று மட்டும் எழுதினால் அதற்குப் பெறுமதி இல்லை. இன்னும் ஆழமான படம் வரும்போது அங்கே ஒன்று தெரியலாம்.

பழகுவதற்கு மூன்றைச் சொல்கிறேன். முதலில் 211211ஏ, விடை தெரிந்ததால் உங்கள் கணக்கைச் சரிபார்க்கலாம். பிறகு 060912ஏ-யைப் பின்னொளியின் செம்பெயர்ச்சியைப் பார்க்காமல் செய்து, எந்தப் படியில் ஏமாறுகிறீர்கள் என்று பாருங்கள். மூன்றாவது 2005 மே 9இல் வந்த 050509பி. செக்கனில் சுமார் இருபத்தைந்தில் ஒரு பங்குதான் நீடித்த அந்த வெடிப்புக்கு ஒளியியல் பின்னொளி கிடைக்கவில்லை, எக்ஸ் கதிர்ப் பிழை வட்டம் ஒன்பது விகலை ஆரை. 0.225 செம்பெயர்ச்சியில் ஒரு பெரிய நீள்வட்டப் பேரடை பக்கத்தில் நிற்கிறது, வட்டத்துக்குள் மங்கலானவை பல. ஆரையாக எதை எடுப்பது என்று அதில் நீங்களே தீர்மானிக்க வேண்டும்.

2025 மார்ச்சில் டெசி என்ற நிறமாலை ஆய்வு தன் முதலாவது பெரிய தரவுத்தொகுதியை எல்லோருக்கும் திறந்துவிட்டது. முன்பு செம்பெயர்ச்சி இல்லாமல் விட்ட பேரடைகள் சிலவற்றுக்கு இப்போது அதில் கிடைக்கலாம். கொப்பியில் "தூரம் தெரியாது" என்று எழுதிய பக்கங்களை எடுத்து, அந்த இடங்களை அதில் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். நாங்களும் இந்த மாதம் அதைத்தான் செய்கிறோம்.